ஜிமிக்கிப் பூவும் வாக்கியத்தின் மறுபாதியும்

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை. எதிரே அமர்ந்த எவரையும் நடுவராக்கிவிடுவது என் வழக்கம். சோறு பரிமாறும் அம்மாவிடம்கூட, "நடுவர் அவர்களே, ரசத்தில் உப்பின் பங்களிப்புப் போதாது" என்று முறையிட்டு அகப்பையால் அடி வாங்கியவன் நான். இம்முறை உங்களைச் சாட்சியாக மட்டும் அழைக்கிறேன். சாட்சி தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டதைக் கேட்டபடி நினைவில் வைத்திருந்தால் போதும். இறுதியில் நான் கொடுத்த ஒரு வாக்குறுதியைச் சொல்வேன். பின்னொரு நாள் அதை நானே மறுத்துப் பேச முற்படலாம். அந்தத் திறமை எனக்கு உண்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அப்போது நீங்கள் எழுந்து நின்று, "இல்லை, நீ சொன்னாய், நான் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

பாடசாலையில் நான் விவாத அணியின் தலைவன். அட்டனில் நடந்த போட்டிகள் சிலவற்றில் சிறந்த பேச்சாளர் கேடயம் என் கைக்கு வந்தது. அவை இன்றும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில், எங்கள் வீட்டின் அலுமாரிக்கு மேல், தூசியோடு சமரசம் செய்துகொண்டு நிற்கின்றன. என் வெற்றியின் இரகசியம் எளியது. எதிரணியினர் ஒரு வாக்கியத்தின் பாதிக்கு வரும்போதே அதற்கான மறுப்பு எனக்குள் முழுதாக எழுந்துவிடும். மீதிப் பாதியை நான் கேட்டதில்லை. கேட்கும் தேவையும் மேடையில் எனக்கு ஏற்பட்டதில்லை. பாடசாலை முடிந்தபின் அந்தக் கலையைப் பயன்படுத்த இடமில்லாமல் போகவே, பழைய கமரா ஒன்றை வாங்கி, பூக்களை மிக அருகில் நின்று படமெடுக்கும் பொழுதுபோக்கில் இறங்கினேன். பூக்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பது அதில் எனக்குப் பிடித்திருந்தது.

பூக்கள் பேசவில்லை. பேசியது என் அக்கா.

அக்கா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் பல காலம் நின்று வேலை செய்தவள். நின்று என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார ஒரு முக்காலி கிடையாது. சென்ற வருடம் வீடு திரும்பியவள், றொசல்லவுக்கு அருகிலுள்ள எங்கள் லயத்துக்குப் பின்புறச் சரிவில் பூச்செடி வளர்க்கத் தொடங்கினாள். பால்மா டின், பெயின்ட் வாளி, ஓட்டை விழுந்த குடம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சட்டியானது. பிகோனியா, டேலியா எல்லாம் இருந்தாலும் அவளுடைய செல்லம், சிவந்த இதழுக்குள் ஊதா நிறப் பாவாடையோடு தலைகீழாகத் தொங்கும் ஒரு பூ. அதற்கு வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அது ஜிமிக்கிப் பூ.

நுவரெலியாவில் ஒரு விடுதி ஏப்ரல் சீசனுக்கு முன் விறாந்தை நெடுகத் தொங்கவிடப் பூச்செடி தேடிக்கொண்டிருந்தது. முகாமையாளர் பலரிடம் படம் கேட்டிருந்தார். பார்த்துப் பிடித்தால் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"நீதான் படம் எடுக்கணும்," என்றாள் அக்கா, சட்டியில் எரு போட்டபடி. "இது சரிவராட்டி நான் திரும்பக் கடைக்கே போயிருவேன்டா. முதலாளி இன்னும் என் இடத்துக்கு ஆள் போடல."

"அக்கா, கவலைப்படாத. கலைஞன் ஒருத்தன் வீட்லயே இருக்கான்."

"கலைஞன் வாய மூடிக்கிட்டு பூவ மட்டும் எடுத்தா போதும்."

நான் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. மேடையில் என் முகத்துக்கு நேரே ஒளி விழவேண்டும் என்று விளக்குப் பிடிப்பவர்களோடு நான் சண்டையிட்டிருக்கிறேன். மூக்கின் நிழல்கூட உதட்டில் விழக்கூடாது. எனக்கு வேண்டிய அதே மரியாதையைப் பூவுக்கும் செய்தேன். பனிமூட்டம் கலைந்து வெயில் உச்சிக்கு ஏறும்வரை பொறுமையாகக் காத்திருந்து, அது போதாதென்று பிளாஷையும் பூவின் முகத்துக்கு நேரே அடித்தேன். மேடையேறிய பூ எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது அது.

அக்கா கமராவின் சிறு திரையை நெடுநேரம் பார்த்தாள்.

"இது பூவா? பிறந்தநாள் கேக்குல குத்துற சோடனை மாதிரியில்ல இருக்கு?"

"சின்னத் திரையில் பார்த்துப் பெரிய கலையை அளக்கக்கூடாது" என்று தொடங்கி நான் விளக்கினேன். அக்காவுக்கு எரு போடச் சட்டிகள் நிறையக் கிடந்தன. என் விளக்கம் முடியவில்லை. கடைசியில் அவள் கையை உதறிவிட்டு, "சரி, ஒனக்குத் தெரியும். அனுப்பவா?" என்று கேட்டாள். நான், வழக்கு முடிந்த தோரணையில், "அனுப்பு" என்றேன். என் சொல்லை நம்பி அவள் அனுப்பினாள். நான் அதே படங்களோடு அட்டனுக்கு ரயிலேறினேன்.

அட்டனில் ஒரு ஸ்டூடியோவின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில், படமெடுக்கும் ஆர்வமுள்ள சிலர் கூடுவோம். ஸ்டூடியோவின் சொந்தக்காரரை எல்லோரும், முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் வழக்கப்படி, நானா என்போம். அவர் சுவரில் படத்தை விழச்செய்வார். மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள். அங்கே விதி ஒன்றே ஒன்று: எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை படத்துக்குச் சொந்தக்காரர் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் நானா தேநீர்க் கிளாசைக் கரண்டியால் தட்டுவார். விவாத மேடையில் மணியடித்தால் பேச்சை முடிக்க இன்னும் சிறிது நேரம் இருக்கிறது என்று பொருள். அந்தக் கிளாஸ் ஓசையை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

ஜிமிக்கிப் பூ சுவரில் விழுந்தது. முச்சக்கரவண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் முதலில் பேசினார். "தம்பி, இந்த உச்சி வெயில்ல சிவப்பு..."

"உச்சி வெயிலில் உழைத்து உயர்ந்த மலையில் பிறந்த பூ, உச்சி வெயிலுக்கு அஞ்சுமா அண்ணே?" என்றேன் நான்.

கிளாஸ் தட்டப்பட்டது. தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் டீச்சர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பிளாஷ நேரா அடிச்சதால பூவுக்கு..."

"நேராக நிற்பது குற்றமா டீச்சர்? கோணலாக நின்றவர்களால்தானே இந்த உலகம் கெட்டது?"

"தம்பி, படத்துக்காரருக்கு இப்ப பேச ஏலா," என்றார் நானா, கிளாசை இன்னும் பலமாகத் தட்டி. பிறகு அவரே சுவரைக் காட்டினார். "பின்னால ஈக்கிய அந்த நீல வாளி..."

இந்த இடத்தில் எனக்கு உடல் சிலிர்த்தது. பின்னால் என்றால் பின்னணி! எத்தனை மேடைகளில் எனக்குக் கைதட்டு வாங்கித் தந்த சொல்! "ஒருவரின் பின்னணியை வைத்து அவரை எடைபோடும் கொடுமையை எதிர்த்துத்தானே நம் சமூகம் இத்தனை காலம் போராடியது? பூவைப் பாருங்கள் நானா, அதன் பின்னணியைப் பார்க்காதீர்கள்!"

யாரோ ஒருவர் உண்மையாகவே கைதட்டினார். அவர் புதிதாக வந்தவர். டீச்சர் மீண்டும் ஒருமுறை முயன்றார். "நீங்க கீழ உக்காந்து, பூவுக்குக் கீழ இருந்து மேல பாத்து எடுத்திருக்கீங்க. அது..."

"கீழிருந்து மேலே பார்ப்பது தாழ்வு அல்ல டீச்சர், மேலிருந்து கீழே பார்ப்பதுதான் தாழ்வு!"

அண்ணன் தன் கைப்பேசியைப் பார்த்தார். டீச்சர் சிரிப்பை அடக்கினாரா, கோபத்தையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி தம்பி, நீங்க வெண்டுட்டீங்க. அடுத்த படம்," என்றார்.

அதை நான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பும் ரயிலில் கதவருகே நின்று, காற்றில் சட்டை படபடக்க, என் மறுப்புகளை எனக்கே மெல்லிய குரலில் மறுஒலிபரப்புச் செய்தபடி வந்தேன். பின்னணி பற்றிய பகுதியில் குரலை இன்னும் சற்று உயர்த்தியிருக்கலாம் என்பதே எனக்கிருந்த ஒரே குறை.

"ஜெயிச்சிட்டேன் அக்கா!" என்று வாசலிலிருந்தே அறிவித்தேன்.

அக்கா தன் கைப்பேசியை நீட்டினாள். விடுதி முகாமையாளரின் பதில் அதில் சிங்களத்தில் இருந்தது: "மேவா பிளாஸ்டிக் மல் த, நங்கி?" இவை பிளாஸ்டிக் பூக்களா தங்கச்சி என்று அந்த மனிதர் எந்தக் கிண்டலும் இல்லாமல், உண்மையான சந்தேகத்தோடு கேட்டிருந்தார். வேறு படம் இருந்தால் புதன்கிழமைக்குள் அனுப்பும்படியும், அதன்பின் தான் முடிவு செய்துவிடுவதாகவும் அடுத்த வரியில் எழுதியிருந்தார்.

"நீ ஜெயிச்சிட்ட. பூ?" என்றாள் அக்கா.

அவள் கத்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் கத்தவில்லை. முக்காலியில் ஏறி, அலுமாரிக்கு மேல் என் கேடயங்களுக்குப் பின்னால் கிடந்த தன் கொழும்புப் பையை இறக்கினாள். அதன் சிப் வேலை செய்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தாள். வேலை செய்தது.

பையைக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள். "அங்க அவங்க என்னதான்டா சொன்னாங்க?"

"நான் என்ன சொன்னேன் தெரியுமா..."

"ஒன்ன யாரு கேட்டா? அவங்க சொன்னதச் சொல்லு."

நினைவைத் துழாவினேன். வாசகரே, நீங்கள் சாட்சி: அவர்கள் ஒவ்வொருவரும் பேசத் தொடங்கியதை நீங்களும் கேட்டீர்கள், முடித்ததை நீங்களும் கேட்கவில்லை. என் மறுப்புகள் எல்லாம் எதுகை மோனையோடு நினைவில் இருந்தன. எவற்றை மறுத்தேன் என்பதுதான் நினைவில் இல்லை.

அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "சரி, நீ சொன்னதையே சொல்லு. அதுல இருந்து அவங்க சொன்னதக் கண்டுபிடிப்போம்."

"உச்சி வெயிலுக்குப் பூ அஞ்சுமான்னு கேட்டேன்."

"அப்ப வெயில் கூடிப்போச்சுன்னு சொல்லியிருப்பாங்க. அடுத்தது?"

"கோணலா நின்னவங்களாலதான் ஒலகம் கெட்டுச்சுன்னு..."

"ஐயோ கடவுளே. அது எதுக்கு?"

"பிளாஷ் நேரா அடிச்சதுக்குன்னு நெனக்கிறேன்."

"அப்ப பக்கத்துல இருந்து அடிக்கச் சொல்லியிருப்பாங்களோ? அப்புறம்?"

"பின்னணிய வச்சு ஒரு சமூகத்த..."

அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள். படத்தை மறுபடி பார்த்தாள். "என்னோட வாளி!" என்றாள். "பூவுக்குப் பின்னால என்னோட தண்ணி வாளி நிக்குதுடா! இதுக்கா சமூகத்த இழுத்த?"

அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா சிரித்தால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

இப்படிக் குற்றங்களை ஒருவாறு கண்டுபிடித்தோம். பரிகாரங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பரிகாரம் எப்போதும் வாக்கியத்தின் மறுபாதியில்தான் இருந்திருக்கிறது. கீழிருந்து மேலே பார்த்ததைப் பற்றி டீச்சர் என்ன சொல்ல வந்தார் என்பதும் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. குழுவின் வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கோரி எழுத உட்கார்ந்தேன். "பெருமதிப்பிற்குரிய சபையோரே" என்று தொடங்கி மூன்றாவது பந்தியை நான் செதுக்கிக்கொண்டிருக்கையில், அக்கா கைப்பேசியைப் பறித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தானே எழுதினாள்: "நீங்க சொல்ல வந்தத தயவுசெஞ்சு முழுசா சொல்லுங்க. தம்பி குறுக்க பேச மாட்டான். இது அவன் அக்கா."

பதில்கள் குரல் பதிவுகளாக வந்தன. அக்கா என் கையில் கொதிக்கும் தேநீரைக் கொடுத்து, "இதக் குடிச்சுக்கிட்டே கேளு," என்றாள். நாக்கு வெந்த நிலையில் நான் கேட்ட முதல் விமர்சனம் அது.

முதலில் அண்ணன். "தம்பி, இந்த உச்சி வெயில்ல சிவப்பு வெந்து போயிரும், இதழுல உள்ள கோடெல்லாம் காணாமப் போயிரும். கடையில சோறு கட்டுற மெல்லிசு பிளாஸ்டிக் லஞ்ச் சீட் ஒண்ண எடுத்து, குச்சியில இழுத்துக் கட்டி, வெயிலுக்கும் பூவுக்கும் நடுவுல பிடிங்க. வெளிச்சம் மெதுவாகிரும். மூட்டம் வந்தா அதுவும் வேணாம். நம்ம ஊருல அது வானம் பூரா கட்டின லஞ்ச் சீட்டுத்தானே!"

நானா: "பின்னால ஈக்கிய அந்த நீல வாளி கண்ணப் புடிச்சு இழுக்குது தம்பி. அத எடுத்துட்டு, மினுங்காத கறுப்பா ஏதாச்சும் தூரமாத் தொங்க விடுங்க."

பிறகு டீச்சர். "பிளாஷ நேரா அடிச்சதால பூவுக்கு உருண்டையே இல்லாமப் போச்சு, ஒட்டின காகிதம் மாதிரி இருக்கு. வெளிச்சம் ஒரு பக்கத்துல இருந்து வரட்டும். மத்தப் பக்கம் ரொம்ப இருட்டினா டிவி பெட்டிக்குள்ள வர்ற வெள்ள ரெஜிபோம் துண்டு ஒண்ண வச்சுப் பாருங்க. அப்புறம், கீழ இருந்து மேல பாத்து எடுத்திருக்கீங்க, அது ரொம்ப நல்லா இருக்குன்னுதான் சொல்ல வந்தேன். தொங்குற பூவ அப்படித்தான் பாக்கணும். அத மட்டும் மாத்திராதீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "பாராட்டையுமாடா மறுத்த?"

தேநீர் புரையேறியது. எதிரணியை வீழ்த்துவதில் எனக்கு இணையில்லை என்று எண்ணியிருந்தேன். என் பக்கம் நின்று பேச வந்தவரையும் சேர்த்தே வீழ்த்தியிருக்கிறேன். எந்த விவாத மேடையிலும் யாரும் செய்யாத சாதனை அது. கேடயம் இல்லாமலே போய்விட்டது.

மறுநாள் காலை மூட்டம் இறங்கியது. எதிர்லயத்தின் கூரைகூடத் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படியான காலைகளில் நான் கமராவைப் பூட்டிவைத்துவிட்டு இயற்கையைத் திட்டுவேன். அன்று சரிவுக்கு ஓடினேன். வாளி அப்புறப்படுத்தப்பட்டது. கறுப்புத் துணிக்கு எங்கே போவது என்று பார்த்தபோது, கொழுந்தெடுக்கப் போகும்போது அம்மா இடுப்பில் சுற்றிக் கட்டும் கறுத்தப் படங்கு கொடியில் தொங்கியது. மழையும் தேயிலையும் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பே இல்லாமல் செய்த கறுப்பு அது. எடுத்துப் பூவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன்.

"படங்கு எங்கடா?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பெரட்டுல பேரு கூப்பிட நேரமாச்சு! நான் என்ன ஒன்னோட கேடயத்த இடுப்புல கட்டிக்கிட்டா மலைக்குப் போறது?"

"கொஞ்சம் பொறும்மா, பூவுக்குப் பின்னணி வேணும்," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமலே.

படங்கு பறிபோகும்முன் சில படங்கள் எடுத்தேன். மூட்டத்தின் வெளிச்சத்தில் சிவப்பு முதன்முறையாகச் சிவப்பாக இருந்தது. அக்கா ஒரு பக்கத்தில் ரெஜிபோம் துண்டைப் பிடித்தாள்; அவள் அதை அருகே கொண்டுவரக் கொண்டுவர ஊதாப் பாவாடையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. என் கண்முன்னே ஒரு பூ உருண்டையானது. அதைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் சொல்ல வாய் துறுதுறுத்தது. அக்கா ரெஜிபோமை ஓங்கிக் காட்டினாள்.

படத்தைக் குழுவுக்கு அனுப்பினேன். டீச்சரிடமிருந்து பதில் வந்தது. வெளிச்சம் மிகவும் நன்றாக இருக்கிறது, ஆனால் இதழின் நுனிதான் தெளிவாக உள்ளது, தொங்கும் மகரந்தக் காம்புகள் மங்கிவிட்டன என்றார். "காற்று வீசியது, நான் என்ன செய்வேன்?" என்று எழுதினேன். அழித்தேன். "இவ்வளவு அருகில் எல்லாமே தெளிவாக இருக்க முடியாது என்பது ஒளியியல்" என்று எழுதினேன். அதையும் அழித்தேன். விரல்களுக்கும் நாவன்மை உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் அழித்துக்கொண்டிருந்த நேரத்தில் டீச்சரின் வாக்கியத்தின் மறுபாதி வந்து சேர்ந்தது: "தண்டுக்குப் பக்கத்துல ஒரு ஈர்க்குக் குத்தி, நூலால தளர்வாக் கட்டுங்க. ஆடாது."

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு வந்தது. அக்காவின் தையல் பெட்டியிலிருந்து நூல் வந்தது. மதியம் மூட்டம் விலகி வெயில் விழுந்தபோது லஞ்ச் சீட்டும் வேலைக்கு வந்தது. அம்மா மலையிலிருந்து திரும்பியதும், நாங்கள் கேட்காமலே படங்கை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "பூவுக்குக் கட்டியாச்சுன்னா சொல்லு, கழுவணும்," என்றார். செவ்வாய் மாலை எடுத்த படத்தில் மகரந்தக் காம்புகள் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல் நின்றன. அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். சோடனை என்று சொல்லவில்லை.

"இதுதான் என்னோட பூ," என்றாள். அனுப்பினாள்.

முகாமையாளர் எழுதவில்லை, அழைத்தார். அக்கா சிங்களத்தில் பேசினாள்; "ஒவ் சேர், ஒவ் சேர்" என்று ஆமாம் போட்டுக்கொண்டே முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தாள். பிகோனியாவை அவர் வேறிடத்தில் எடுத்துக்கொள்கிறார். டேலியா வேண்டாமாம். ஆனால் விறாந்தை முழுவதற்கும் ஜிமிக்கிப் பூவே தொங்கட்டும் என்றிருக்கிறார். அதற்கு இப்போதிருக்கும் செடி போதாது. பதியன் போட்டு வளர்க்க வேண்டும். அன்று மாலை அக்கா கொழும்புப் பைக்குள் தும்பு அடைத்தாள். கடைக்குப் போகிற பைக்குள் சட்டிக்குப் போடும் தென்னந்தும்பு! சிப் மூட முடியாத அளவுக்கு அடைத்து, அதைச் செடிகளுக்குப் பக்கத்தில், மழை படாத ஓரத்தில் வைத்தாள். அலுமாரிக்கு மேல் என் கேடயங்கள் தனியே நின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோச் சுவரில் புதிய படம் விழுந்தது. எல்லோரும் பேசினார்கள். வலது மூலையில் ஒரு வெளிச்சப் புள்ளி உறுத்துவதாக அண்ணன் சொன்னார்; உண்மையில் அது உறுத்தியது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் முடித்தபின் நானா, "இப்ப படத்துக்காரர் ஏதாலும் சொல்லலாம்," என்றார், கரண்டியைக் கையில் எடுத்தபடியே.

எழுந்து நின்றேன். "அவைத் தலைவர் அவர்களே" என்பது தொண்டைவரை வந்தது. கிளாஸ் மெல்ல ஒருமுறை ஒலித்தது. விழுங்கினேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரையை, எதுகையில்லாமல், வீட்டுப் பேச்சில் பேசினேன்:

"இனிமே நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பேன். முடிஞ்சிச்சான்னு கேப்பேன். அதுக்கப்புறமும் எதித்துப் பேசணும்னு தோணிச்சுன்னா, மொதல்ல போய் அந்தப் பூவ இன்னொரு தடவ எடுத்துட்டு வந்துதான் பேசுவேன்."